ஆடி மாசத்துப் பேட்டரி

ஏனுங்க, அந்த மஞ்சப் பைக்குள்ள இருக்கறது பேட்டரிதானுங்களே? பைக் பேட்டரிங்களா? அப்படீன்னா முதல்ல அதைத் தரையை விட்டு எடுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வைங்க, நான் தள்ளி உக்காந்துக்கறேன். பஸ் தரை வெறும் தகரமுங்க. அதுல வெச்சா பேட்டரில இருக்கறது கொஞ்சம் கொஞ்சமா இறங்கிப் போயிரும். என்னங்க, அதெல்லாம் அந்தக் காலத்துப் பேட்டரிக்குத்தானா? யாரு சொன்னது? கடைக்காரனுங்களா? அவன் அப்படித்தான் சொல்லுவான். பேட்டரி செத்தாத்தானே அவனுக்கு யாவாரம்.

மைக்செட் ராசப்பன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? உடுமலைச் சுத்துவட்டாரத்துல அந்தக் காலத்துல ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு மாரியாத்தா நோம்பி நான் இல்லாம நடந்ததில்லைங்க. பாதி ஊர்ல கரண்ட்டே இருக்காது. லாரி பேட்டரியை வண்டியில ஏத்திட்டுப் போயி, அதுலதான் பாட்டுப் போடறது. பேட்டரி படுத்துதுன்னா சாமியே நின்னு போயிரும். அதனால பேட்டரியைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லீங்க. வண்டி ஒரு மாசம் நிக்கப் போகுதுன்னா என்ன பண்ணணும்? மைனஸ் வயரை முதல்ல கழட்டணும். அப்பறம்தான் பிளஸ். மாத்திக் கழட்டினா ஸ்பேனர் எங்காச்சும் பட்டுப் பொறி பறக்கும். கழட்டினதும் ரெண்டு முனையையும் துடைச்சு வேசலின் தடவணும். பலகை மேல வெக்கணும். அடுப்புப் பக்கம் கூடாது, வெயில் கூடாது. வாரத்துக்கு ஒருக்கா மெதுவா சார்ஜ் ஏத்தணும். மெதுவாங்க. அவசரப்பட்டு ஏத்தினா உள்ள வெந்து போயிரும்.

போன ஆடியில என்ற பையன் வண்டி பேட்டரியை இப்படித்தான் வெச்சிருந்தேன். அந்தக் கதையைக் கேட்டீங்கன்னா, ஒரு பேட்டரியை எப்படிப் பார்த்துக்கறதுன்னு நீங்களே தெரிஞ்சுக்குவீங்க. தாராபுரம் வரைக்கும்தானே போறீங்க? நேரம் இருக்குது.

பையன் பேரு பூபதி. ஒரே பையன். நூல் மில்லுல சூப்பர்வைசர். மில்லு வேன் வீட்டு முக்குக்கே வந்து ஏத்திட்டுப் போயிரும், அதனால வேலைக்கு வண்டி தேவையில்லை. போன வைகாசியில கல்யாணம். பொண்ணு சுகன்யா, தாராபுரத்துக்குப் பக்கத்துல. சம்பந்தி நாச்சிமுத்து தோட்டங்காடு உள்ள மனுசன். கல்யாணத்துக்கு ஒரு பைக் வாங்கி நிறுத்திட்டாரு. நாங்க கேக்கலீங்க. அவராத்தான் குடுத்தது. கலரு மட்டும்தான் நான் சொன்னது.

ஆடி வந்துது. புதுசாக் கல்யாணம் ஆனவங்களை ஆடியில பிரிச்சு வெக்கறது உங்க பக்கமும் உண்டல்லங்க? ஒண்ணாந்தேதி சம்பந்தி வீட்டுல விருந்து. போனோம், சாப்பிட்டோம், பொண்ணை அங்க விட்டுட்டு நானும் சம்சாரமும் பூபதியும் வந்துட்டோம். இந்தக் காலத்துல இதெல்லாம் எதுக்குன்னு அவனுக்கு நினைப்பு. நிறையப் பேரு இப்ப இதைப் பார்க்கறதில்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா நான் பார்ப்பனுங்க. ஆடியில உண்டானா சித்திரையில பொறக்கும். சித்திரையில பொறக்கக் கூடாது.

சிரிக்காதீங்க. நான் சித்திரையில பொறந்தவன்.

நான் பொறந்த வருசம் எங்க கெணறு வத்திப் போச்சு. காளை ரெண்டும் ஒண்ணு பின்னால ஒண்ணு செத்துதுங்க. அந்தச் சுத்துவட்டாரத்துல எல்லாத்துக்கும்தான் கெணறு வத்துச்சு, ஆனா எங்கப்பனுக்கு அது என்னாலதான். அவரு என்னைத் தூக்கினதா எனக்கு ஞாபகமே இல்லீங்க. ஊரே ராசப்பான்னு கூப்பிடும். அவரு மட்டும் பேரு சொல்ல மாட்டாரு. அவனைச் சாப்பிடச் சொல்லு, அவனை மாடு புடிச்சுக் கட்டச் சொல்லுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லுவாரு, நான் அங்கயே நின்னுட்டு இருப்பேன். கடைசியா சாகக் கிடந்தப்ப தண்ணி கேட்டாரு. நான்தான் பக்கத்துல இருந்தேன். டம்ளரை நீட்டினேன். வாயை மூடிக்கிட்டாரு. என் தம்பி வந்து குடுத்த பிற்பாடு குடிச்சாரு. அன்னிக்கே நினைச்சுக்கிட்டேன். என்ற வீட்டுல ஒரு குழந்தை சித்திரையில பொறக்க விட மாட்டேன். அந்தப் பாடு இன்னொரு உசுருக்கு வேண்டாம்.

அதான் விசயம். இப்ப பேட்டரிக்கு வர்றேன்.

ஆடி பொறந்து மூணாம் நாளோ நாலாம் நாளோ, சாயங்காலம் பூபதி வண்டியை வெளிய தள்ளறான். எங்கடான்னேன். டீ குடிக்கங்கறான். டீ குடிக்கப் போறவன் செண்ட் அடிப்பானுங்களா? சலவைச் சட்டை போடுவானுங்களா? இந்த மாதிரி விசயத்துல என்னை ஏமாத்த முடியாதுங்க. நான் ஆயிரம் கல்யாணத்துக்கு மைக் கட்டினவன். மாப்பிள்ளைப் பசங்க முழியைப் பார்த்தே என்னன்னு சொல்லிருவேன். அன்னிக்கு ஒண்ணும் சொல்லலை, காத்து பலமா அடிக்குது, மண்ணு கண்ணுல விழும், நாளைக்குக் குடிச்சுக்கலாம்னு உள்ள கூப்பிட்டுட்டேன். மறுநாள் அவன் மில்லுக்குப் போனதும் ஸ்பேனரை எடுத்துட்டுப் போயி பேட்டரியைக் கழட்டிட்டேன்.

அந்த வண்டிக்கு உதைக்கிற கிக்கர் கிடையாதுங்க. பட்டன்தான். பேட்டரி இல்லீன்னா அது வெறும் இரும்பு. பேட்டரி என் கையில இருக்கற வரைக்கும் பையன் எங்க போவான்?

சாயங்காலம் வந்து பார்த்துட்டு, என்னப்பா இதுன்னான். நான் எடுத்துச் சொன்னேன். ஆடி முழுக்க வண்டி நிக்கப் போகுது. நின்ன வண்டியில பேட்டரி சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுட்டே இருக்கும். கடிகாரம், அலாரம்னு இந்தக் கால வண்டியில என்னென்னமோ வெச்சிருக்கான். அதனால கழட்டி வெக்கறதுதான் அதுக்கு நல்லதுன்னேன். அவன் வண்டிப் பட்டனை ஒருக்கா அழுத்திப் பார்த்தான். அப்பறம், சரிங்கப்பா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டுப் போயிட்டான். அப்படி அடங்கின பையனுங்க அவன்.

பேட்டரியை மைக்செட் ரூம்ல பலகை போட்டு வெச்சேன். அதுக்குத் தண்ணி ஊத்தலாம்னு பார்த்தா மூடியே இல்லீங்க. சீல் பண்ணிட்டானாம். தண்ணியே கேக்காதாம். தண்ணி கேக்காத பேட்டரியை எப்படிங்க நம்பறது? சரி, வாரம் ஒருக்கா சார்ஜாச்சும் ஏத்தணும்னு பூபதிகிட்டச் சொன்னேன். அவன் போனைப் பார்த்துட்டு, இந்த மாதிரிப் பேட்டரிக்கு மாசத்துக்கு ஒருக்கா போதும்ப்பா, முழுசா ஏத்தி வெச்சா அதும்பாட்டுக்கு இருக்கும்னான். எனக்குக் கோவம் வந்துருச்சு. போனா பேட்டரி வெச்சு மைக் ஓட்டுச்சுன்னு கேட்டேன். வாரம்னா வாரம்தான்னுட்டேன்.

என்கிட்ட இருக்கற சார்ஜரு லாரி பேட்டரிக்கானது. இதை அதுல மாட்டினா வெந்து போயிரும்னு அவனே சொன்னான். அது நியாயம். உடுமலையில குடுக்கலாம்னா, அங்க இருக்கறவன் காலையில வாங்கி மத்தியானம் குடுத்துருவான், அதுவும் அவசர சார்ஜ். மெதுவா ஏத்தற கடை எங்கடா இருக்குன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். தாராபுரத்துல ஒண்ணு இருக்குதுப்பா, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ஒரு ராத்திரி முழுக்க வெச்சு ஏத்துவாங்கன்னான்.

ராத்திரி முழுக்கவா, அதாண்டா சார்ஜுன்னேன். அப்பத்தான் அவனுக்கு இன்னொரு விசயமும் சொல்லிக் குடுத்தேன். சார்ஜுக்குக் குடுத்த பேட்டரியை விட்டு ஒரு அடி நகரக் கூடாதுங்க. ஒருக்கா கணியூர்ப் பக்கம் ஒரு தேருக்குப் போனப்ப, ரெண்டு பேட்டரியைக் கடையில குடுத்துட்டுச் சாப்பிடப் போனேன். எவனோ செத்த பேட்டரியை வெச்சுட்டு என்றதைத் தூக்கிட்டுப் போயிட்டான். தேரு நிலையில இருந்து கிளம்பற நேரம், தர்மகர்த்தா மைக்கைப் பிடிச்சு, பக்தகோடிகளேன்னாரு. அவ்வளவுதான். அப்பறம் அவரு வாய் மட்டும்தான் அசையுது. அன்னிக்கு வாங்கின பேச்சு இன்னிக்கும் மறக்கலை. அதனால பூபதிகிட்டக் கண்டிசனாச் சொல்லிட்டேன். ராத்திரி முழுக்கன்னா ராத்திரி முழுக்கக் கூடவே இரு, விடிஞ்சு எடுத்துட்டு வான்னு. அவனும் சரின்னான். அங்க அவன் கூடப் படிச்ச பையன் ஒருத்தன் இருக்கானாம், படுத்துக்கறதுக்கு ஒண்ணும் சிரமமில்லைன்னான்.

என்னங்க? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி அப்படி ஒரு கடையே இல்லீங்களா? நீங்க அந்த ஊரேங்களா? சரி, பின்னாடின்னா நேர் பின்னாடியா இருக்கும்? ஏதாச்சும் சந்துக்குள்ள இருக்கும். போர்டு வெச்சிருக்க மாட்டான். வேலை தெரிஞ்சவன் போர்டு வெக்க மாட்டானுங்க.

நீங்க நினைக்கறதை நானும் நினைக்காம இல்லீங்க. சம்பந்தி வீடு அங்கிருந்து எட்டற தூரம். அதுக்குத்தான் முதல் வாரமே பூபதியை மாரியாத்தா படத்துக்கு முன்னாடி நிறுத்தி, ஆடி முடியற வரைக்கும் மாமனார் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டேன். மறு பேச்சு இல்லாமப் பண்ணினான். சத்தியத்தை மீறற பையன் இல்லீங்க அவன். அந்த வீட்டுக்குத் தோட்டத்துப் பக்கமா ஒரு வழி இருக்குதுன்னு வளைகாப்புக்குப் போனப்பத்தான் பார்த்தேன். வாழைக்குள்ள நல்ல அகலமான வழி. அது எதுக்கு இப்ப.

நான் சொல்ல வந்தது பையனோட பொறுப்பை. முதல் வாரம் வேண்டா வெறுப்பாத்தான் போனான்னு நினைக்கறேன். போயிட்டு வந்த பிற்பாடு ஆளே மாறிட்டான். நீங்க சொன்னதுதான்ப்பா சரி, மாசத்துக்கு ஒருக்காங்கறது சும்மா, வாரா வாரம் போடணும்னான். என் வீட்டுல ஒருத்தர் நான் சொன்னது சரின்னு சொல்லி எத்தனை காலமாச்சு தெரியுங்களா? மில்லு லீவு வந்துட்டாப் போதும், நான் ஞாபகப்படுத்தவே வேண்டாம், அவனே பேட்டரியைத் துணியில சுத்தி, பையில வெச்சு, மடியில வெச்சுட்டுப் பஸ்ல போவான். தரையில வெக்க மாட்டான். மழைத் தூத்தல்ல கூடப் போனான். என் சம்சாரம் ரத்தினா இருக்காளே, அவ ஆயுசுல ஒரு நாள் மைக்செட் ரூமுக்குள்ள வந்து எட்டிப் பார்த்ததில்லை. அவளே, பேட்டரிக்கு நாளாச்சே, இன்னும் கிளம்பலியா கண்ணுன்னு கேக்க ஆரம்பிச்சுட்டா. அந்தக் கூட்டாளி வீட்டுக்குன்னு ஒருக்கா அதிரசம், ஒருக்கா மாங்காய் ஊறுகாய். புளிப்பா ஏதாச்சும் நாக்குக்கு வேணும்பாங்கன்னு அவளே சொல்லிக்குவா. அவங்களும் மரியாதை தெரிஞ்சவங்க, திரும்பி வரும்போது முறுக்கு குடுத்து விடுவாங்க. எள்ளுப் போட்டு, கையில சுத்தினது. அசல் சம்பந்தியம்மா கைப்பக்குவம். ரத்தினாகிட்டச் சொன்னேன், அந்த ஊர்த் தண்ணி அப்படீன்னா.

ஒவ்வொரு வாட்டியும் வந்ததும் மீட்டர் வெச்சுப் பார்ப்பேன். போறப்ப எவ்வளவு காட்டுச்சோ அதே அளவு, ஒரு புள்ளி மாறாது. அப்படி நிக்க வெச்சிருக்கான் அந்தக் கடைக்காரன். ஒரே ஒருக்கா மட்டும், போறப்ப இருந்ததை விடக் கொஞ்சம் குறைஞ்சு வந்துது. என்னடான்னு கேட்டேன். அவனும் மீட்டரை உத்துப் பார்த்தான். அங்க கரண்ட் சரியில்லைப்பா, அடுத்த வாரம் ரெண்டு ராத்திரி வெச்சாத்தான் சரியாகும்னான். லீவு போட்டு ரெண்டு ராத்திரி இருந்துட்டு வந்தானுங்க. ஒரு பேட்டரிக்காக லீவு போடற பையனை நீங்க எங்காச்சும் பார்த்திருக்கீங்களா? அன்னிக்கு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நான் பார்த்த தொழிலுக்கு அவன் வரலியேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு மனத்தாங்கல் இருந்துது. அது அன்னிக்குப் போயிருச்சு.

ஆவணி பொறந்துது. பேட்டரியை மாட்டினேன். முதல்ல பிளஸ், அப்பறம் மைனஸ். பட்டனை ஒரே அழுத்து, வண்டி புடிச்சுக்கிச்சு. ஒரு மாசம் நின்ன வண்டிங்க. பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பூபதி போயி சுகன்யாவைக் கூட்டிட்டு வந்தான். பொண்ணு நல்லாத் தெளிவா இருந்தா. ஏங்கிப் போயி வருவான்னு நினைச்சேன், அப்படி ஒண்ணும் இல்லை. வந்து ஒரு வாரம் ஆகலை, காலையில வாந்தி. ரத்தினா சிரிக்கறா. எனக்கா, பெருமை தாங்கலை. பாத்தியா, ஒரு மாசம் கட்டுப்பாடா இருந்ததோட பலன், ஆவணியில வந்ததும் கைமேல கிடைச்சிருச்சு, வைகாசியில பொறக்கும்னேன். ரத்தினா ஆமாங்க ஆமாங்கன்னுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. அவ முந்தானையை வாயில வெச்சுட்டுப் போனா. சந்தோசத்துல அழறாளோன்னு நினைச்சேன்.

வைகாசின்னு நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனுங்க. பங்குனியில அவளைப் பிரசவத்துக்குக் கொண்டு போய் விட்டாச்சு, ரத்தினாவும் துணைக்குப் போனா. என்ன இவ்வளவு அவசரம்னேன், தலைப் பிரசவம், முன்னாடியே இருக்கறது நல்லதுன்னா. சித்திரை பாதிகூட ஆகலை, போன் வருது. பையன் பொறந்துட்டான்னு.

சொல்றதுக்கென்னங்க, நான் அழுதேன். சந்தோசத்துல இல்லை. மைக்செட் ரூம்ல ஆம்ப்ளிஃபயர் மேல தலையை வெச்சுட்டு அழுதேன். எதுக்காக அவ்வளவு பண்ணினேனோ அதெல்லாம் வீணாப் போச்சேன்னு. அந்தக் குழந்தை முகத்தை இன்னும் பார்க்கவே இல்லை, ஆனா எங்கப்பன் வாயை மூடிட்டுப் படுத்திருந்தது கண்ணு முன்னாடி வருது. ரத்தினாகிட்ட, எப்படிடீ இதுன்னு கேட்டேன். அவ பக்கத்துல இருந்த பூபதிகிட்ட என்னமோ கேட்டா. அப்பறம் சொன்னா, குறைமாசமுங்க, வைகாசியில வர வேண்டியவன் அவசரப்பட்டு வந்துட்டான்னு. எனக்கு உசுரு திரும்பி வந்துது. அப்படிச் சொல்லு, அப்ப அவன் வைகாசிக் குழந்தைதானேன்னேன். ஆமான்னா. எடை எவ்வளவுன்னேன். மூணே கால் கிலோவாம். பார்த்தீங்களா, குறைமாசத்துலயே மூணே கால் கிலோ. முழு மாசம் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? டாக்டரம்மாவே அதிசயப்பட்டிருப்பாங்க.

ஆனாலும் நான் உடனே போகலீங்க. அவன் வைகாசிக் குழந்தைதான். ஆனா காலண்டர்ல சித்திரைதானே ஓடுது. சித்திரை முடியட்டும், வைகாசி ஒண்ணாந்தேதி வந்து பார்க்கறேன்னு சொல்லிட்டேன். ரத்தினா போனைப் பூபதிகிட்டக் குடுத்துட்டா.

எனக்கு எதிர்ப் பேச்சுப் பேசாத பையனுங்க. அவன் சொன்னான், அப்பா, தாத்தா உங்களை என்ன பண்ணினாருன்னு அம்மா சொல்லியிருக்காங்க. எட்ட நின்னு பார்க்கறதுன்னா நீங்க வர வேண்டாம். இவனை அந்த வீட்டுக்கு நான் கூட்டிட்டும் வரமாட்டேன். வந்தா வந்ததும் கையில வாங்கணும், எல்லார்த்துக்கும் முன்னாடி. முடியும்னா வாங்கன்னுட்டு வெச்சுட்டான்.

நேத்து பூரா வீட்டுல ஒத்தையில உக்காந்திருந்தேன். இன்னிக்குக் காலையில எந்திரிச்சுக் குளிச்சுட்டு இந்தப் பஸ்ஸைப் புடிச்சேன். பூபதி அப்படிச் சொன்னதாலதான் போறேன், வேற ஒண்ணும் இல்லை.

என்ன கேட்டீங்க? நிசமாவே அவன் சித்திரைக் குழந்தையா இருந்தா?

அதெப்படீங்க இருக்கும். பேட்டரி என்கிட்டத்தானே இருந்துது. நீங்க என்ன கேக்கறீங்கன்னு எனக்குப் புரியாம இல்லை. அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கலை, போடவும் மாட்டேன்.

சரி, இருந்தா. இருந்தாலும் எடுப்பனுங்க. சித்திரையில பொறந்தவனை யாராச்சும் ஒருத்தர் எடுக்கணுமில்லீங்க. என்னைத்தான் யாரும் எடுக்கலை.

தாராபுரம் வந்துருச்சுங்களா? இல்லை, இன்னும் பாலம் வரலை. ஏனுங்க, உங்களுக்குக் குழந்தைங்க இருக்குதுங்களா? ரெண்டா. நல்லது. ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. பூபதியைக்கூட நான் அவன் உக்காரப் பழகின பிற்பாடுதான் தூக்கினேன். அதுக்கு முன்னாடி என்னமோ பயமா இருந்துது, எனக்கு யாரும் தூக்கிக் காட்டினதில்லை பாருங்க. பச்சைக் குழந்தைக்குத் தலை நிக்காதும்பாங்களே. எந்தக் கையை எங்க குடுக்கணுமுங்க? இடது கையா தலைக்கு? முழங்கை மடிப்புல வருமுங்களா? வலது கை கீழ, இடுப்புக்கு. இப்படிங்களா? இல்லையா? இன்னொருக்கா காட்டுங்க. கொஞ்சம் மெதுவா.